‘யாரும் போகாத இடம்’ யாருடைய இடம்?

“கொடைக்கானலா? அது கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சே! ஒரே கூட்டம், டிராஃபிக், குப்பை. யாருக்கும் தெரியாத இடமா நாலு சொல்றேன், அங்க போங்க.”

மலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்று வாயெடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் இதைத்தான் சொல்கிறார். அலுவலகத்தில் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்கிறார்கள். கைபேசியைத் திறந்தால் டிரோனில் எடுத்த படத்துக்குப் பின்னால் ஒரு குரல் அதையே சொல்கிறது. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. மலையை உண்மையாக நேசிப்பவர்கள் தாங்கள்தான் என்று நம்புகிறார்கள். ஏரியைச் சுற்றிவிட்டு வருகிறவர் ஒரு படி கீழே, மன்னவனூர் புல்வெளியில் கூடாரம் போட்டவர் ஒரு படி மேலே என்று சத்தமில்லாமல் ஒரு தரவரிசையும் உருவாகிவிட்டது.

இந்தக் கருத்தை நான் முழுதாக மறுக்கிறேன். கொடைக்கானல் நகரத்தில் மொய்க்கிற கூட்டம் மலைக்குச் செய்யும் கெடுதலைவிட, அந்தக் கூட்டத்தை வெறுத்து ஒதுங்கிப் போகிறவர்கள் செய்யும் கெடுதல் ஆழமானது என்பது என் வாதம். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒதுங்கிப் போனவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: யாரும் போகாத இடம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிச் சரிவில் இறங்கிக்கொண்டே போனால் வெள்ளகவி என்ற ஊர் வரும். அங்கிருந்து இன்னும் இறங்கினால் கும்பக்கரை, பிறகு பெரியகுளம். ‘மறைந்து கிடக்கும் மலைக்கிராமம்’ என்று காணொளிகளில் அடிக்கடி அடிபடுகிற ஊர் இது. 1821இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் பி. எஸ். வார்டு முகாமிட்டிருந்தது இந்த வெள்ளகவியில்தான். இங்கிருந்து மேலே ஏறித்தான், பின்னாளில் கொடைக்கானல் ஆகப்போகிற மேட்டு நிலத்தை அவர் பார்த்தார். மதுரையின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் சன்னிசைடு, ஷெல்டன் என்ற முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845இல். ஆக, கொடைக்கானல் என்ற நகரம் பிறப்பதற்கு முன்பே வெள்ளகவியில் குன்னுவர்கள் வீடு கட்டி, நிலம் திருத்தி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நகரத்தைவிட வயதில் மூத்த ஊரை, நகரம் சலித்துப்போனவர்கள் வந்து புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

வெள்ளகவி ஊருக்குள் செருப்புப் போட்டு நடப்பதில்லை. கோயிலும் வீடும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற ஊர். தெரு முழுவதும் அவர்களுக்குக் கோயில் வாசல். வருகிறவரும் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இதைப் படம் பிடிப்பவர்கள் ஆச்சரியத்தோடு படம் பிடிக்கிறார்கள். அடுத்து அவர்கள் ஆச்சரியப்படுவது, ரோடே இல்லாத ஊர் என்பதற்கு. அந்த ஆச்சரியத்தைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் கேட்டு வருவதே ஒரு சாலையைத்தான். விளைந்த காப்பியும் எலுமிச்சையும் குதிரை முதுகில் ஏற்றித்தான் வெளியே போக வேண்டும். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு தீண்டியவரையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, வழுக்குப் பாறையில் கால் பதித்து, மணிக்கணக்கில் நடக்க வேண்டும். ஒரு காலத்தில் இதே மலைச்சரிவுகளில் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களும் இந்தப் பக்கத்துக் கூலியாட்கள்தான். குளிர் தேடி வந்தவர்களுக்காக மேலே சுமந்த தோள்கள், சொந்த வீட்டு நோயாளியைக் கீழே சுமக்க வேண்டிய நிலை இவ்வளவு காலம் நீடித்தது நமக்கெல்லாம் வெட்கக்கேடு. அந்த வெட்கக்கேட்டுக்குப் பின்னணி இசை போட்டு, சாகசம் என்று பெயர் வைக்கிறோம்.

பூம்பாறையும் அப்படித்தான். குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றிப் படிப்படியாக இறங்குகிற வயல்களை மேலிருந்து பார்த்து ‘ஓவியம் மாதிரி இருக்கு’ என்கிறோம். அந்தப் படிகளில் மண் சரியாமல் காத்து வருவது எத்தனை தலைமுறையின் முதுகு என்று யோசிப்பதில்லை. அங்கே விளைகிற பூண்டுக்கு, ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்ற பெயரில், 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒரு வேளாண் ஊர். அதன் வரப்பு, நாம் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காகப் போட்ட மேடை ஆகாது. மலையின் கீழ்ச்சரிவுகளில் பளியர்கள் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் நடந்த தடங்களுக்கு எந்த வரைபடத்திலும் பெயர் இல்லை. அதனால் அங்கே யாரும் போனதில்லை என்று ஆகிவிடுமா? ஆளில்லாத நிலம் என்று பார்க்கிற கண், 1819இல் நீலகிரிக்கு ஏறிய கலெக்டர் ஜான் சல்லிவனை ஊட்டியைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுதிய கண்தான். தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் அங்கே அவருக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே வாழ்ந்தார்கள். அந்தப் பார்வையைப் பாடப்புத்தகத்திலிருந்து அகற்றவே நமக்கு இவ்வளவு காலம் ஆனது. அதை விடுமுறைப் பயணத்தில் திரும்பக் கொண்டுவருகிறோம்.

சரி, நகரத்துக்கு வருவோம். நகரத்தின் மேல் சொல்லும் முதல் குற்றம், அது செயற்கை என்பது. உண்மைதான். கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானது கிடையாது. 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற அதிகாரி சதுப்பு நிலத்தில் கரை கட்டித் தேக்கிய தண்ணீர் அது; முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தார். கோக்கர்ஸ் வாக் 1872இல் செதுக்கிய நடைபாதை. அந்த நகரமே வெளியூர்க்காரர்களுக்காக வெளியூர்க்காரர்கள் எழுப்பியது. என் வாதத்துக்கு இதுவே பெரிய பலம். வெளியிலிருந்து வருகிறவர்களைத் தாங்குவதற்கென்று ஒரு மூலையை ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. அங்கே நடைபாதை உண்டு, அரசு மருத்துவமனை உண்டு, குப்பை வண்டி உண்டு, தண்ணீருக்கு மனோரத்தினம் சோலை நீர்த்தேக்கம் உண்டு. இவையெல்லாம் போதுமா என்றால் போதாது. சாக்கடைக்கு இன்னும் வழி வேண்டும், ஏரிக்குள் கழிவுநீர் கலப்பதை நிறுத்த வேண்டும். 1993இல் போட்ட முழுமைத் திட்டத்தை மீறி எழுந்த கட்டடங்கள் கண்ணெதிரே நிற்கின்றன. ஆனால் இந்தக் குறைகளுக்குக் கேள்வி கேட்க நகராட்சி இருக்கிறது, நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. பத்தாயிரம் பேர் நகரத்தில் வந்து இறங்கினால் அது ஒரு நிர்வாகப் பிரச்சினை. அதே பத்தாயிரம் பேர் ஐம்பது புல்வெளிகளிலும் ஓடைகளிலும் பரவினால், அதைப் பெருக்குவது யார்? முந்நூறு வீடுள்ள ஊராட்சிக்கு எத்தனை துப்புரவுப் பணியாளர்கள் இருப்பார்கள்?

புல்வெளி என்றேன். அதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ‘வெறும் புல்தானே’ என்று சொல்லித்தான் அதன்மேல் ஜீப்பை ஏற்றுகிறார்கள். நம் உயர்மலைகளில் காடு தொடர்ச்சியாக இருக்காது. நீர் ஒதுங்குகிற மடிப்புகளில் சோலை; காற்று அறைகிற மேடுகளில் புல். மழை அந்தப் புல்லின் வேர்ப்பின்னலில் இறங்கி, கீழே இருக்கிற கறுப்பு மண்ணில் தங்கி, சதுப்பில் ஊறி, மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓடையாகக் கசிகிறது. வேர் அறுந்தால் மழை அப்படியே வழிந்தோடிவிடும். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணி, தைல மரமும் சீகை மரமும் பைனும் நட்டுத் தள்ளினார்கள். அந்தப் பைன் காட்டில் நின்றுதான் இன்று ‘இயற்கையான இடம்’ என்று படம் எடுக்கிறோம். மிச்சம் இருக்கிற புல் கொஞ்சம்தான்.

பல வருடங்களுக்கு முன்பு மன்னவனூர் பக்கம் நானும் நண்பர்களும் வாடகை ஜீப்பில் போனோம். ஓட்டுநர் தடத்தை விட்டு இறக்கி, ஒரு மேட்டின் மேல் ஏற்றினார். ஈரமான நாள், சக்கரம் வழுக்க வழுக்க நாங்கள் கூச்சலிட்டு மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போனபோது எங்கள் சக்கரத் தடம் போய்விட்டிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. முழங்கால் ஆழத்துக்கு இரண்டு ஓடைகளாக அறுத்துக்கொண்டு, சிவந்த மண்ணை வாரிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தடத்தில் எங்களுக்குப் பின்னால் எத்தனை ஜீப்புகள் ஏறினவோ தெரியாது. தொடங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். ஏரிக்கரையில் நான் தின்றுவிட்டுப் போட்ட சோளக்கதிரை மறுநாள் காலையில் யாராவது பெருக்கியிருப்பார்கள். இந்தக் காயத்தை ஆற்ற யாராலும் முடியாது.

பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதற்குப் பலர் எரிச்சல்படுகிறார்கள். பெரியகுளம் நகரம் குடிக்கிற தண்ணீர் அந்த ஏரியிலிருந்து வருகிறது. கீழே ஒரு நகரமே தொண்டை நனைக்கிற நீரின் தலைமாட்டில் நின்றுகொண்டு, இங்கே எனக்கு ஏன் தடை என்று கேட்பது நியாயமா?

இப்போது சாகசம். நகரத்தை இகழ்கிறவர்களின் பெரிய ஆயுதம் இதுதான். அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் நேரக் கட்டுப்பாடும் வந்துவிட்டால் சாகசம் செத்துவிடும், காட்டைத் தனியாகச் சந்திப்பவனுக்குத்தான் காடு தன்னைக் காட்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், பெண்கள் பலர். அவர்கள் மேல் ஒரு சொல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. மலையை ஆசையோடு பார்க்கப் போன பிள்ளைகள். குற்றம், அவர்களை அந்த வழியில் போகவிட்ட மனப்போக்கின் மேல். அந்த வழிக்கு முறையான அனுமதி இல்லை என்று வனத்துறை பின்னர் சொன்னது. மார்ச் மாதத்தில் போதைப்புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது மனிதக் கால் அதை முந்தாது. காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பாறைப் பொட்டலில் ஒதுங்கினால் தீ தாண்டிப் போய்விடும் என்பதெல்லாம் அங்கே மாடு மேய்க்கிறவருக்குத் தெரியும். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோட்டிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

குரங்கணிக்குப் பிறகு இரண்டு பேச்சுகள் எழுந்தன. மலையேற்றத்தையே இழுத்து மூட வேண்டும் என்றது ஒன்று. அரசாங்கம் தலையிட்டால் எல்லாம் பாழ் என்றது மற்றொன்று. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, மலையிலும் காட்டோரத்திலும் வாழ்கிற மக்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. தீப்பிடிக்கும் பருவத்தில் வழிகளை மூடுகிறார்கள். சாகசத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் அப்படி ஒரு வழிகாட்டியின் பின்னால் அரை நாள் நடந்து பார்க்க வேண்டும். யானைச் சாணத்தைக் கையருகே வைத்துப் பார்த்து, சூடு இருக்கா இல்லையா என்று கணக்குப் போட்டு, சட்டென்று கையைத் தூக்கி நிறுத்துவார். நமக்கு எதுவும் தெரியாது. நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்ளும். செந்நாய் தடத்தையும் நாய்த் தடத்தையும் பிரித்துக் காட்டுவார். எந்தக் கொடியை நறுக்கினால் தண்ணீர் சொட்டும் என்று சொல்வார், நறுக்க விடமாட்டார். தனியாகப் போயிருந்தால் அந்தக் காடு வெறும் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்.

அருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஆகஸ்டில் தாண்டிக்குடி அருகே புல்லாவெளி அருவியின் விளிம்பில் படத்துக்காக நின்ற இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் அந்த அருவிக்கு வழி கேட்டவர்கள் இருந்தார்கள். மேலே பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. கும்பக்கரையில் வெயில் அடிக்கும்போதே மேலிருந்து வெள்ளம் இறங்கும்; அதனால்தான் வனத்துறை அங்கே குளிப்பதற்கு அடிக்கடி தடை போடுகிறது.

இனி, கூட்டம். ‘கூட்டம் கெடுத்துவிட்டது’ என்ற பேச்சில் எனக்கு மிகவும் கசப்பது அந்தச் சொல்லின் உள்ளே இருக்கிற இளக்காரம். கூட்டம் என்று யாரைச் சொல்கிறோம்? விருதுநகரிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து, தூக்குவாளியில் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு, வருடத்தில் ஒரே ஒரு தடவை குளிரைப் பார்க்க வருகிறார்களே, அவர்களைத்தான். அந்த வீட்டுப் பாட்டி பிரையண்ட் பூங்காவில் ஒரு டேலியா பூவின் முன்னால் நின்று கன்னத்தில் கை வைக்கிறாள். அந்தப் பிள்ளைகள் மூடுபனியைக் கையால் பிடிக்கப் பார்க்கிறார்கள். மலைவாசஸ்தலம் என்பதை வெள்ளைக்காரன் கட்டியதே, கீழே இருக்கிற இவர்களிடமிருந்து விலகி இருப்பதற்காக. அந்த ஏரிக்கரை இன்று எல்லோருக்கும் திறந்து கிடப்பது இந்த நாடு போராடிப் பெற்றவற்றில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்து, ஆளுக்கொரு காரில் பூம்பாறைக்கு அப்பால் போகிறவர், பழைய கிளப்புக்காரர்களின் சுவரை வேறு இடத்தில் எழுப்பிக்கொள்கிறார்.

நெரிசலின் உண்மையான காரணம் மனிதர்கள் இல்லை, வண்டிகள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் உச்சவரம்பும் சேர்ந்தது: சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000; நீலகிரிக்கு 6,000, 8,000. வியாபாரிகளின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அரசுப் பேருந்தில் வருகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதை யாரும் உரக்கச் சொல்லக் காணோம். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் வரலாம். அதே ஐம்பது பேர் காரில் வந்தால் பத்துப் பன்னிரண்டு கார். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, வெப்பக்காற்று ஒரு திருப்பத்தில் நின்று குளிர்காற்று தொடங்குகிற அந்த நொடியை முகத்தில் வாங்கிப் பாருங்கள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது கிடைக்காது.

நகரத்தைப் பார்த்து முடித்துவிட்டோம் என்பவர்கள் உண்மையில் அதைப் பார்க்கவில்லை. தூண் பாறை, குணா குகை, பைன் காடு என்று ஒரே நாளில் வண்டியில் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் இறங்கியிருப்பார்கள். சூரிய ஆய்வுக்கூடத்துக்கு நடந்து போனவர்கள் எத்தனை பேர்? சென்னையிலிருந்து 1899இல் இங்கே மாறிய நிறுவனம் அது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்கிருந்துதான் கண்டறிந்தார். உலகத்து வானியல் பாடநூல்களில் அவர் பெயரோடு நிற்கிற அந்த விளைவு, நாம் ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்று சொல்லுகிற ஊரின் மேட்டில் பிறந்தது. நூறு ஆண்டுக்கும் மேலாக மேகம் விலகுகிற நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைக்கிறார்கள். குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் எழுப்பிய பெண், வெளிநாட்டில் பிறந்து, இலங்கைக்கு வந்து, சைவத்தைத் தழுவி லீலாவதி இராமநாதன் ஆனவர். தெளிவான நாளில் அங்கிருந்து பழனிக் கோயில் தெரியும். ஞாயிறு சந்தையில் சுற்றுக் கிராமங்களின் பூண்டும் கேரட்டும் பேரிக்காயும் வந்து குவியும். ஏரியை ஒருமுறை சுற்றினால் 5 கிலோமீட்டர். விடியலில், படகுத்துறை திறக்கும் முன் நடந்தால் தண்ணீரின் மேல் புகை எழுவது போலப் பனி நகரும். ஏப்ரல், மே இரண்டை விட்டுவிட்டு ஜூலையிலோ செப்டம்பரிலோ போனால் அந்தப் பாதையில் கூட்டமே இருக்காது.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்வார்கள், அது வலுவானது: மலைக்கிராம மக்களுக்கும் வருமானம் வேண்டாமா? நகரத்து விடுதிக்காரர்களே பிழைக்க வேண்டுமா? வேண்டும், கிராமத்துக்கும் வேண்டும். பூம்பாறைக்குக் கொடைக்கானலிலிருந்து பேருந்து போகிறது; போய், பூண்டு வாங்கி, கோயிலைப் பார்த்து, அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். ஊர்க்காரர் தன் வீட்டில் ஒரு அறையை விருந்தினருக்கு விட்டால் அதில் தங்கலாம். நான் எதிர்ப்பது வேறு. வெளியூர்ப் பணம் வந்து நிலத்தை வாங்கி, முக்கோண மரவீடு நாலு போட்டு, வாசலில் கேமரா வைத்து, ஊர்க்காரரைச் சமையலுக்கும் காவலுக்கும் வைத்துக்கொள்கிறதே, அதை. அங்கே ஊருக்கு வருவது கூலி மட்டும்தான். எத்தனை பேர் வரலாம், எங்கே வரக் கூடாது என்று தீர்மானிக்கிற உரிமை கிராம சபையிடம் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அந்த உரிமையை அவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளகவிக்கு ஒரு நாள் முழுமையான சாலை போகும். போயே ஆக வேண்டும். அந்தச் சாலையில் முதலில் ஆம்புலன்ஸ் இறங்கட்டும், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு காப்பி மூட்டை. அன்றைக்கு இந்தக் குரல் திரும்பவும் கைபேசியில் கேட்கும்: “வெள்ளகவியா? அது ரோடு போட்டதிலிருந்தே கெட்டுப்போச்சு. யாருக்கும் தெரியாத இடம் ஒண்ணு சொல்றேன்…”